கிளீனர் சீட்டு

வாங்க தம்பி, வாங்க. டிரெய்லர் எங்கயும் ஓடிப் போயிராது, வீட்டுக்குப் பக்கவாட்டுலதான் நிக்குது. அதைப் பார்க்கறதுக்கு முந்தி உங்க பிக்அப் வண்டியோட டிரைவர் கதவைத் தொறங்க. இல்லீங்க, உள்ள உக்கார வேண்டாம். கதவு வந்து மோதற தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாருங்க, டயர் படம் போட்டு. ஆளும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அதைப் படிங்க. ஆயிரத்தி எழுநூத்திச் சொச்சமா? அதான் நெனச்சேன். கலர்தான் வேற, மத்தபடி எங்கிட்ட இருக்கற அதே வண்டி.

சரி, சாத்திட்டு வந்து இப்படி உக்காருங்க. இந்த டிரெய்லர் உங்களுக்கு ஆகாது. அட, அதுக்குள்ள மூஞ்சி சுண்டிப் போச்சே! டிரெய்லர் மேல ஒரு கொறையும் இல்ல. உங்க வண்டி மேலயும் இல்ல. ரெண்டும் தனித்தனியாத் தங்கமானதுதான், சேர்த்து வச்சாத்தான் வம்பு. உங்க வீட்டம்மா உள்ள தமயந்திகூடப் பேசிட்டு இருக்காங்கல்ல, பேசட்டும். தமயந்தி என் சம்சாரம். காபி வர்ற வரைக்கும் நான் பட்ட கதையைச் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்.

எம்பேரு அர்த்தநாரி. பேரைச் சொன்னாவே திருச்செங்கோடுன்னு தெரிஞ்சிரும். பொண்டாட்டிக்குப் பாதி ஒடம்பையே குடுத்த சாமி பேரு. இப்பல்லாம் தமயந்தி என்னைப் பேரை மாத்திக்கச் சொல்றா, அது ஏன்னு போகப் போகத் தெரியும். நீங்க விருதுநகரா? நல்லதாப் போச்சு, எங்க ஊரு லாரிக் கதை உங்களுக்குப் புதுசா இருக்கும். எங்க பக்கம் லாரி இல்லாத சொந்தக்காரங்களே கம்மி. எங்க பெரியப்பாவுக்கு மூணு லாரி ஓடுச்சு. அதனால இந்த டெக்சாசுக்கு வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரே பேச்சுதான், "எங்க ரத்தத்துலயே டீசல் ஓடுது." ஆபீஸ்ல சொல்வேன், கோயில்ல சொல்வேன், பொறந்தநாள் விருந்துல கேக் வெட்டறவங்களை நிறுத்தி வச்சுச் சொல்வேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லட்டுமா? நான் லாரி ஓட்டுனதே இல்ல. லீவுக்குப் போறப்ப பெரியப்பா லாரியில ஏறி ஹாரன் அடிச்சிருக்கேன். அவ்வளவுதான் அனுபவம். பொழப்பு என்னன்னா, கம்ப்யூட்டர் கம்பெனியில அடுத்தவன் எழுதுனதுல தப்புக் கண்டுபுடிக்கறது. அதுல நான் கெட்டிக்காரன். அடுத்தவன் தப்புன்னா ஒரு மைலுக்கு அந்தப் பக்கமே எனக்குத் தெரிஞ்சிரும்.

போன வருசம் எங்க கம்பெனியில வயசானவங்களுக்கெல்லாம் பூங்கொத்தைக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க. எனக்கும் ஒண்ணு கெடச்சுது. தமயந்தி மருந்துக்கடையில வேலை பார்த்தா. நாள் பூரா நின்னுக்கிட்டே பார்க்கற வேலை, ராத்திரியானா காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும். நான்தான் சொன்னேன், "போதும் புள்ள, நீயும் விட்டுரு. ஒரு டிரெய்லர் வாங்கறோம், வீட்டையே இழுத்துக்கிட்டு ஊரு ஊராப் போறோம். மலையும் பனியும் பார்க்காமயே இந்த நாட்டுல காலந்தள்ளிட்டமே." அவ ஒடனே சரின்னு சொல்லல. ஒரு வாரம் யோசிச்சா. அப்புறம் ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, "எனக்கு மலை ரோடுன்னாப் பயம், உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு தடவை வர்றேன். பயமில்லாமக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டீங்கன்னா, சாகற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து வர்றேன்." மறு வாரம் வேலையை விட்டுட்டா. என்னை நம்பித்தானுங்க விட்டா. அதை நீங்க ஞாபகம் வச்சுக்கங்க, நான் மறந்துட்டேன்.

இந்த ஃபிப்த் வீல் டிரெய்லர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? தலையாட்டறீங்க. நானும் இப்படித்தான் ஆட்டுனேன். சாதா டிரெய்லர் வண்டிக்குப் பின்னாடி கொக்கியில மாட்டிக்கிட்டு வரும். இது அப்படி இல்ல, பிக்அப் தொட்டிக்குள்ள, பின் அச்சுக்கு மேலயே மூக்கை வச்சு உக்காரும். நம்மூர்ல காத்தாடி றெக்கை ஏத்திக்கிட்டுப் போகுமே நீட்டு டிரெய்லர் லாரி, அதே ஜாதி. பார்த்தவொடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

எங்க வண்டி விளம்பரத்துல பன்னெண்டாயிரம் பவுண்டு இழுக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. டிரெய்லர் சாமானோட பத்தாயிரம். அப்ப ரெண்டாயிரம் மிச்சம், கணக்கு முடிஞ்சுது. டிரெய்லரை வித்த ஆளு நல்ல மனுசன். "கதவு ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்தியா?"ன்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டு அவரு தோள்ல தட்டுனேன். எங்க பெரியப்பா காலத்துல லாரியில பத்து டன்னுன்னு எழுதியிருந்தா பதினஞ்சு ஏத்துவாங்க. எழுதி வச்சது ஆர்டிஓவுக்கு, ஏத்தறது நம்ம தைரியத்துக்கு. பின்னாடி தொங்குச்சுன்னா கமான்ல, அதான் அச்சு மேல இருக்கற பட்டை ஸ்பிரிங்குல, ஒரு பட்டையைச் சேர்த்துப் போட்டுக்கறது. ஸ்டிக்கரைப் படிச்சு லோடு ஏத்துனவன் எங்க பக்கம் தொழில் பண்ண முடியுமா? இதை நான் அந்த மனுசனுக்கு இங்கிலீஷ்ல வெளக்கிச் சொன்னேன். அவரு கேட்டுட்டு டிரெய்லர் சாவியை எடுத்துக் குடுத்துட்டாரு. நான் பாடம் நடத்தி ஜெயிச்சுட்டதா நெனச்சேன்.

விசயம் என்னன்னா தம்பி, இழுக்கறது வேற, தாங்கறது வேற. ஃபிப்த் வீல்ல டிரெய்லர் எடையில அஞ்சுல ஒரு பங்கு மூக்கு வழியா வண்டி முதுகுல எறங்கும். பத்தாயிரத்துக்கு ரெண்டாயிரம். வண்டி முதுகு தாங்கறதே ஆயிரத்தி எழுநூறுதான். நான், அவ, மூக்கை மாட்டற இரும்புச் சட்டம், எல்லாம் இனிமேத்தான் ஏறணும். அதாவது நாங்க கதவைத் தொறக்கறதுக்கு முந்தியே வண்டி செத்துப் போச்சு. இப்ப வாத்தியார் மாதிரிச் சொல்றேன். அன்னைக்கு எவனாவது இதைச் சொல்லியிருந்தா அவனை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்.

இன்னொண்ணு கேளுங்க. டிரெய்லர்ல குளிக்கக் குடிக்க ஒரு தண்ணித் தொட்டி இருக்கும். இந்த ஊர்க்காரங்க அதைக் காலியா வச்சுக்கிட்டுத்தான் கெளம்புவாங்க, தங்கற எடத்துல குழாயை மாட்டி ரொப்பிக்குவாங்க. எனக்கு மனசு கேக்குமா? தண்ணி லாரி சத்தம் கேட்டாச் சாப்புட்ட கையோட கொடத்தைத் தூக்கிட்டு ஓடுன வீடுங்க நம்முளுது. தொட்டியைக் காலியா வச்சுட்டு வழிப்பயணம் போறதா? வழியற வரைக்கும் ரொப்புனேன். அது மட்டும் ஐநூறு பவுண்டு.

அப்புறம் தமயந்தியோட சாமான். பொம்பளைங்க சாமானைச் சொல்லி மாளாதுங்க. ஒரு பொன்னி அரிசி மூட்டை, குக்கரு, மசாலா டப்பா, ரெண்டு போர்வை. இப்படி அள்ளிப் போட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்? என்னோடது கொஞ்சந்தான். ஜெனரேட்டர் ஒண்ணு. இரும்பு டூல்ஸ் பெட்டி மூணு. உபரியா பேட்டரி ரெண்டு. கிரைண்டர் ஒண்ணு, மிக்சியில அரைச்ச மாவு எனக்கு ஆகாது. சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கக் கருங்கல்லு நாலு, அது கொல்லையில சும்மாத்தான் கெடந்துச்சு. எல்லாத்தையும் ஏத்தி முடிச்சா, வண்டி பின்னாங்கால்ல உக்காந்த நாய் மாதிரி இருக்குது. தமயந்தி சுத்தி வந்து பார்த்தா. "ஏனுங், மூஞ்சி வானத்தைப் பார்க்குதே?"ன்னு கேட்டா. "லோடு ஏறுன வண்டிக்கு அதான் அழகு"ன்னேன்.

விடியறதுக்கு முந்தியே கெளம்பிட்டோம். எதுத்தாப்புல வர்ற வண்டியெல்லாம் எனக்கு லைட்டைப் போட்டுப் போட்டு அமத்தறாங்க. லாரிக்காரங்க, கார்க்காரங்க, ஒருத்தர் விடல. எனக்கு நெஞ்சே நெறஞ்சு போச்சுங்க. "பார்த்தியா புள்ள, பெரிய வண்டி ஓட்டறவனுக்கு இங்க என்னமா மரியாதை குடுக்கறாங்க"ன்னு சொல்லி நானும் பதிலுக்குப் போட்டுப் போட்டு அமத்துனேன். மூஞ்சி மேல தூக்கிட்டதால என் வண்டி வெளிச்சம் பூரா அவங்க கண்ணுலதான் அடிச்சிருக்குது. அவங்க என்னைத் திட்டியிருக்காங்க. நான் வழி நெடுக வணக்கம் வச்சுக்கிட்டே போயிருக்கேன்.

ரெண்டாம் நாள் ரேட்டன் கணவாய் வந்துச்சு. நியூ மெக்சிகோவுல இருந்து கொலராடோவுக்குள்ள எறங்கற மலை. ஏறறப்பவே என்ஜின் பிரசவ வலி கண்ட மாதிரிக் கத்துச்சு. நல்லாத்தான் இழுத்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உச்சியில நின்னு தமயந்தி பனி மூடுன மலையைப் பார்த்தா. "எவ்வளவு நல்லா இருக்குதுங்க"ன்னா. அந்த ஒரு நிமிசந்தான் மொத்தப் பயணத்துல எனக்கு மிச்சம்.

எறக்கம் ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் நான் டிரெய்லரை இழுத்தேன். எறக்கத்துல அது என்னைத் தள்ளுச்சு. ஸ்டியரிங்கைத் திருப்புனா முன் சக்கரம் யோசிச்சுட்டுத் திரும்புது, அது மேல பாரமே இல்லையே, எல்லாப் பாரமும் பின்னாடி உக்காந்திருக்குது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்கறேன். ரப்பர் கருகற மாதிரி ஒரு நாத்தம். தமயந்தி, "நிறுத்துங்க"ன்னா. வண்டி ஒதுக்க எடமும் இருந்துச்சு. "மலையில நடுவுல நிறுத்தக் கூடாது, எங்க பெரியப்பா சொல்வாரு"ன்னேன். பெரியப்பா அப்படிச் சொன்னதே இல்லீங்க. அடுத்த வளைவுல மறுபடியும், "ஏனுங், பயமா இருக்குது, நிறுத்துங்க"ன்னா. அங்கயும் எடம் இருந்துச்சு. "பேசாம வா, எனக்குத் தெரியும்"னேன். ரெண்டு கையாலயும் முன்னாடி பலகையைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. அவ ஒதடு துடிச்சதைப் பார்த்தேன். பார்த்துட்டும் ஓட்டுனேன். அடிவாரத்துல வண்டி நின்னுச்சு. நான் நிறுத்தலீங்க, ரோடு சமமாச்சு, நின்னுச்சு. சக்கரத்துல இருந்து பொகை வருது. என் சட்டை பூரா ஈரம்.

அங்க ஒரு லாரி நிறுத்தத்துல எடை மேடை இருந்துச்சு. மேடை மேல வண்டியை ஏத்துனா ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியா எடை காட்டுவாங்க. அப்பத்தான் எனக்கே சந்தேகம் வந்து ஏத்துனேன். ஏத்துனவொடனே கை தானா வேலை செஞ்சுது. எங்க பக்கம் எடை போடறப்பக் கிளீனரைக் கீழ எறக்கி விட்டுருவாங்க, ஒரு ஆளு எடை கொறையுமேன்னு. நான் தமயந்தியைப் பார்த்து, "எறங்கு, கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னேன். "எதுக்கு?"ன்னா. "கிளீனரை எறக்கறதில்லையா, அது மாதிரி"ன்னேன்.

எறங்குனா. காத்து சில்லுன்னு அடிக்குது, சால்வையைப் போத்திக்கிட்டு டீசல் பம்புக்குப் பக்கத்துல போயி நின்னா. எடை வந்துச்சு. அவ இல்லாமயே பின் அச்சு தாங்கறதை விட எக்கச்சக்கமா இருந்துச்சு. திரும்பி வந்து ஜன்னல் வழியாப் பார்த்துக் கேட்டா, "இங்க போலீஸும் இல்ல, ஆர்டிஓவும் இல்ல. காசு குடுத்து எடை போட்டுக்கறது நீங்க. என்னைக் கீழ எறக்கி விட்டு யாரைங்க ஏமாத்தறீங்க?" நான் முன் கதவைத் தொறந்து விட்டேன். அவ அதைச் சாத்திட்டுப் பின் கதவைத் தொறந்து பின்சீட்டுல ஏறி உக்காந்தா. "கிளீனர் சீட்டு காலியாவே இருக்கட்டும்"னா.

நீங்களே சொல்லுங்க தம்பி, நான் அவளைக் கிளீனர்னு சொன்னனா? கிளீனரை எறக்கற மாதிரின்னுதான் சொன்னேன். வித்தியாசம் இருக்குதுல்ல? இல்லையா? சரி விடுங்க.

டிரெய்லரை அங்கயே ஒரு முகாம்ல விட்டுட்டு, பெரிய வண்டி வச்சிருக்கற ஆளைப் புடிச்சு அதை அப்புறமா வீட்டுக்கு இழுத்துட்டு வரச் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் மட்டும் திரும்புனோம். நான் முன்னாடி, அவ பின்னாடி, டெக்சாஸ் வரைக்கும். அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் பின்சீட்டு, காய்கறிக் கடைக்குப் போனாலும் பின்சீட்டு. கோயில் வாசல்ல எறக்கி விடறப்ப ஒரு புதுப் பையன் எங்கிட்ட வந்து, "அண்ணா, ஏர்போர்ட்டுக்கும் வருவீங்களா?"ன்னு கேட்டான். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானும் அன்னைக்குச் சிரிச்சுட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில தண்ணியைத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதேன்.

வீட்டுல பேசாம இல்லீங்க. சமைக்கறா, பேசறா, சிரிக்கறா, காய்ச்சல் வந்தா நெத்தியைத் தொட்டுப் பார்க்கறா. வண்டியில ஏறுனா மட்டும் பின்சீட்டு. அதான் டிரெய்லரை வித்துரலாம்னு விளம்பரம் குடுத்தேன். கண்ணு முன்னாடி நின்னாத்தானே ஞாபகம் வரும்?

உங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க வந்தாங்க. உங்களை மாதிரிச் சின்ன வண்டிக்காரங்களுக்கெல்லாம் கதவைத் தொறக்கச் சொல்லி இந்தக் கதையைச் சொல்லி அனுப்பிருவேன். ஒருத்தர் வந்தாரு, ஒன் டன் வண்டின்னு சொல்ற பெரிய பிக்அப், பேருதான் ஒன் டன்னு, தாங்கறது அதுக்கு மேல, பின்னாடி நாலு டயரு. ஸ்டிக்கரைப் பார்த்தேன், இந்த டிரெய்லரை முதுகுல வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு மாட்டையும் ஏத்தலாம். பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம். அவருக்கு என்ன சொன்னேன் தெரியுங்களா? கூரை ஒழுகுதுன்னு சொன்னேன். ஒழுகலீங்க. ஒரு சொட்டு ஒழுகாது. ஏன் சொன்னேன்னு கேட்டா... வித்துட்டா அதோட முடிஞ்சு போயிருமே தம்பி. அது அங்க நிக்கற வரைக்கும் என்னைக்காவது வருவாளோன்னு ஒரு நெனப்பு ஓடிக்கிட்டு இருக்கும்.

ஆனா அவ இருக்காளே, குத்திக் காட்டறதுக்குன்னே பொறந்தவ. கேளுங்க அநியாயத்தை. போன மாசம் டிரெய்லருக்குள்ள போயி என் ஜெனரேட்டரு, டூல்ஸ் பெட்டி, கருங்கல்லு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வச்சா. கிரைண்டரை மட்டும் தூக்க முடியல, என்னைக் கூப்புட்டுத் தூக்க வச்சா. தண்ணித் தொட்டியையும் தொறந்து விட்டுட்டா, செடிக்கெல்லாம் பாய்ஞ்சுது. வாங்க வர்றவங்களுக்குச் சுத்தமா இருக்கட்டும்னுதான் செய்யறான்னு நெனச்சேன். ஆனா அந்த ரெண்டு போர்வையையும் எடுக்கல, ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளரையும் எடுக்கல. விக்கிற வண்டியில இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, "இருக்கட்டும்"ங்கறா.

அது மட்டுமா? அவகூட மருந்துக்கடையில வேலை செஞ்ச பொம்பளை ஒரு ஒன் டன் வண்டியை விக்கிறாங்களாம். அந்த வண்டிக் கதவைத் தொறந்து ஸ்டிக்கரைப் படம் புடிச்சு எனக்கு அனுப்பறா. கீழ ஒரு வார்த்தை எழுதல. வெறும் ஸ்டிக்கர். நாலாயிரத்துக்கு மேல தாங்கும்னு போட்டிருக்குது. நான் பார்த்துட்டுப் போனைக் கவுத்து வச்சுட்டேன். மறுபடியும் மறுநாள் அதே படம். இப்படியா ஒரு மனுசனைக் குத்திக் காட்டறது? நேத்துக்கூடச் சாப்புடறப்பக் கேக்கறா, "மலையில இப்பப் பனி இருக்குமுங்களா?" வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறது இதுதானுங்களே. "எனக்கென்ன தெரியும்"னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க? நான் சொன்னதுல என்ன தப்பு?

இல்லீங்க, அவ விக்கச் சொல்லல. நானேதான் விளம்பரம் குடுத்தேன்.

வரமாட்டேன்னா? அப்படி வாயைத் தொறந்து சொல்லல. பின்சீட்டுல உக்காந்தா என்ன அர்த்தம், அதான் அர்த்தம்னு நானே...

கேட்டனாவா?

இல்ல. அந்த எடை மேடையில உன்னை எறக்கி விட்டிருக்கவே கூடாதுன்னு அவகிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். மலையில நீ சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்னும் நெனப்பேன். வண்டியில ஏறுனதும் கண்ணாடியில அவ மூஞ்சி தெரியும், நாக்கு ஒட்டிக்கும். வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் கதை கதையாச் சொல்லியிருக்கேன், தபால்காரருக்குக்கூட இந்தக் கதை தெரியும். அவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல. வர்றியான்னும் கேக்கல.

சித்த இருங்க தம்பி, உள்ள போயிட்டு வந்தர்றேன். உங்க வீட்டம்மாவை மட்டும் கொஞ்சம் வெளிய கூப்புட்டுக்கறீங்களா?

என்னன்னு ஆரம்பிக்கறது? இத்தனை நேரம் உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசுனேன். இப்பப் பாருங்க, மொத வார்த்தை வரமாட்டேங்குது.